"இதைத் தொடாதே"

சென்னை ஓ.எம்.ஆரில் எந்த மென்பொருள் நிறுவனத்துக்குள் நுழைந்தாலும் இவர் இருப்பார். காதை மூடிய ஹெட்போன், மேஜையில் ஏடு படிந்த காபி. இவருடைய நிரலில் வேரியபிள்கள் டெம்ப், டெம்ப்2, டெம்ப்2 புதுசு என்று வரிசையாகப் பிறக்கும். நடுவில் ஒரே ஒரு குறிப்பு: "இதைத் தொடாதே". ஏன் என்று கேட்கும் ஃப்ரெஷருக்கு, "படிச்சுப் பாரு, புரியும்" என்று பதில் வரும். இவர் அரை நாளில் எழுதியதைப் படிக்க அந்தப் பிள்ளைக்கு மூன்று நாள் ஆகும். அரை நாள் மேதையின் பெருமையில் ஏறுகிறது. மூன்று நாள் பிள்ளையின் மந்தபுத்தியில் ஏறுகிறது. அக்கா மகள் காதுகுத்துக்கு இவர் ஊருக்குப் போன அன்றுதான் உண்மையான பில் வருகிறது. மண்டபத்தில் நாதஸ்வரம் முழங்க, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "டெம்ப்2 இல்லப்பா, புதுசு" என்று போனில் கத்திக்கொண்டிருப்பார்.

ஒரு கெட்டிக்காரர் பத்துப் பேருக்குச் சமம், அவரை விடலாமா என்பார்கள். 1968-இல் சாக்மன், எரிக்சன், கிராண்ட் வெளியிட்ட ஆய்வில், பிழை நீக்கும் வேகத்தில் ஆளுக்கு ஆள் 28 மடங்கு வரை வித்தியாசம் இருந்தது நிஜம்தான். ஆனால் அதில் இருந்தவர்கள் 12 அனுபவசாலிகள். வேலையும் குழுவாக அல்ல, ஆளாளுக்குத் தனியாகச் செய்தது. போதாததற்கு, கணினி முன்னாலேயே உட்கார்ந்து திருத்தியவர்களையும், விடை வரும்வரை காத்திருந்தவர்களையும் ஒரே தராசில் போட்டார்கள். இதெல்லாம் போகட்டும், ஆட்களுக்குள் பெரிய வித்தியாசம் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். பிரெட் புரூக்ஸும், மென்பொருள் குழுக்களைப் பற்றி 1975-இல் வந்த தம் புத்தகத்தில், அறுவை சிகிச்சை நிபுணர்போல ஒருவரை நடுவில் வைத்துக் குழு அமைக்கலாம் என்றார். நம்மவர் அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்திருப்பார். நிபுணரின் நிரல் முழுவதையும் அறிந்த துணையாள் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அதே இடத்தில் எழுதியிருப்பது மட்டும் கண்ணில் பட்டிருக்காது.

அதற்காக, ஹெச்.ஆர். நடத்தும் கோலப்போட்டிக்கு முதலில் பெயர் கொடுத்து, எல்லா மீட்டிங்கிலும் தலையாட்டி, ஒரு வரிகூட எழுதாத 'டீம் பிளேயர்' ஒருவரைத் தேடிப் பிடிப்பது இன்னும் மோசம். அவரைச் சுமக்க அந்த மேதையே தேவைப்படுவார். ஆனால் மேதையாகவும் இருந்துகொண்டு, எழுதியதைப் பிறர் கையில் கொடுக்கவும் முடியும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருளை 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கினார். ஜூலையிலேயே பராமரிப்பை ஜூனியோ ஹமானோவிடம் கொடுத்துவிட்டார். வாய்த்துடுக்குக்குப் பேர்போனவர், 2018-இல் அதற்காக மன்னிப்பும் கேட்டவர். அவராலேயே நான்கு மாதத்துக்குள் சாவியைக் கைமாற்ற முடிந்திருக்கிறது.

ஆகவே, நேர்முகத்தில் வெள்ளைப் பலகையில் பைனரி மரத்தைத் தலைகீழாக்கச் சொல்வதோடு, "நீங்கள் எழுதியதை யாராவது திருத்தியிருக்கிறார்களா?" என்றும் கேட்கலாம். நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "இதுவரைக்கும் ஒருத்தர்கூட கை வெச்சதில்லை சார்" என்பார். எதிரே இருப்பவர் அதைப் பாராட்டுக் கட்டத்தில் எழுதிக்கொள்வார்.