எண்ட் டாஸ்க் அங்கிள்

எல்லா அடுக்ககங்களிலும் இப்படி ஒருவர் இருப்பார். மோட்டார் ஓடவில்லை என்றால் கூப்பிட ஓர் ஆள், பாம்பு வந்தால் கூப்பிட இன்னோர் ஆள். இவர் கம்ப்யூட்டர் தெரிந்தவர். இந்தப் பதவியை இவருக்கு யாரும் கூட்டம் போட்டுக் கொடுத்ததில்லை. எந்தக் காலத்திலோ யார் வீட்டு பிரிண்டரிலோ சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் உருவி எடுத்திருப்பார். அன்று விழுந்த பொறுப்பு, ஆயுசுக்கும் இறங்காது.

ஆளைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். சாவிக்கொத்தில் சாவியைவிட பென் டிரைவ்கள் அதிகம் தொங்கும். சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கும். சாஃப்ட்வேர் கோளாறுக்கு டெஸ்டர் எதற்கு என்று கேட்கக் கூடாது. சலூன்காரர் தோளில் துண்டு மாதிரி அது. எங்கள் பிளாக்கில் இருப்பவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் எண்ட் டாஸ்க் அங்கிள். ஓய்வு பெற்றவர். எந்த அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றார் என்பதற்கு மூன்று வரலாறுகள் உண்டு, மூன்றும் அவரே சொன்னவை. மூன்றிலும் யூனிக்ஸ் மட்டும் தவறாமல் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை 10:30 மணிக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காரணம் என் மகனின் விளையாட்டு. அதன் பெயர் வேண்டாம், கம்பெனிக்காரர்கள் வக்கீல் வைத்திருப்பார்கள். விஷயம் இதுதான். விளையாடி முடித்துப் பெருக்கல் குறியை அழுத்தினால் திரையிலிருந்து போய்விடுகிறது. மறுபடி திறந்தால், 'விளையாட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது' என்கிறது. எங்கே ஓடுகிறது என்று கேட்டால் பதில் இல்லை. லேப்டாப் விசிறி மட்டும் இட்லி மாவுக்குக் கிரைண்டர் போட்ட மாதிரி இரைகிறது.

அங்கிளின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"கடைசியா என்ன பண்ணுன தம்பி?"

"ஒண்ணுமே பண்ணல அங்கிள்."

டாக்டரிடம் 'வெளியில எதுவும் சாப்பிடல' என்று சொல்வோமே, அந்த ரகம். சொல்கிறவனும் நம்புவதில்லை, கேட்கிறவரும் நம்புவதில்லை. ஆனால் இந்தச் சடங்கு நடக்காமல் வைத்தியம் தொடங்காது.

"காபி வேணாம்மா" என்றார் சமையலறைப் பக்கம் பார்த்து. அவர் பாஷையில் அதற்கு 'சர்க்கரை கம்மியா' என்று பொருள்.

பிறகு உட்கார்ந்தார். கீபோர்டைப் பார்க்காமலே இடது கையால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒரே அமுக்கு. பஜனை மடத்து ஆர்மோனியக்காரருக்குத்தான் விரல் அப்படி விழும். டாஸ்க் மேனேஜர் திறந்தது. "எல்லாரும் கன்ட்ரோல் ஆல்ட் டெலீட்டுக்குப் போவாங்க சார். அது சுத்து வழி" என்றவர், சுற்று வழியின் தல புராணத்தையும் சொன்னார். ஐபிஎம் பிசி வந்தது 1981இல். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் பிராட்லிதான் இந்த மூன்று சாவிகளைச் சேர்த்தவர். கை தவறி அமுங்கிவிடக் கூடாது என்று ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் சாவிகளாகப் பார்த்து எடுத்தாராம். பின்னாளில் அதே மூன்று சாவிகள் விண்டோஸுக்குள் நுழையும் வாசலாகிவிட்டன. ஒரு பொத்தானில் முடிந்திருக்க வேண்டிய காரியம், தவறாகிப்போனது என்று பில் கேட்ஸே 2013இல் ஒரு மேடையில் ஒத்துக்கொண்டார். டாஸ்க் மேனேஜர் தனிக் கதை. டேவ் பிளம்மர் என்ற மைக்ரோசாஃப்ட் எஞ்சினியர் வீட்டில் உட்கார்ந்து தன் சௌகரியத்துக்கு எழுதிக்கொண்ட நிரல், 1996இல் விண்டோஸ் என்டி 4.0உடன் ஊருக்கெல்லாம் போய்விட்டது. "வீட்ல உக்காந்து எழுதினது சார், வீட்ல!" என்று என் மகனை அங்கிள் ஒரு பார்வை பார்த்தார். அவனும் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தான்.

பட்டியலைப் பார்த்தோம். விளையாட்டு இல்லை. ஆனால் விளையாட்டோடு வந்தவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் காரேறிப் போன பிறகும் மண்டபத்தில் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோஷ்டி. லாஞ்சர் என்று ஒருவர். விளையாட்டைத் திறந்துவிட வந்தவர், திறந்துவிட்ட பிறகும் வாசலிலேயே நிற்கிறார். அவருக்கு மூன்று எடுபிடிகள். லாஞ்சருக்குள்ளேயே ஒரு குட்டி பிரௌசர் இருக்கிறதாம், அதன் வேலைகளுக்குத் தனித்தனி ஆள். புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் அப்டேட்டர் ஒருவர். கிராஷ் ஹேண்ட்லர் என்று இன்னொருவர். விளையாட்டு தடுக்கி விழுந்தால் தலைமை அலுவலகத்துக்குத் தகவல் சொல்வது அவர் வேலை. அன்று யாரும் விழவில்லை. இருந்தாலும் விழுவார்கள் என்ற நம்பிக்கையில் உட்கார்ந்திருந்தார். ஏழாவது ஆள் ஆன்ட்டி சீட் சர்வீஸ். விளையாட்டில் திருட்டாட்டம் ஆடுகிறவர்களைப் பிடிக்க வந்த காவல்காரர். எட்டு ஜிபி ராமில் ஏழு பேரும் சேர்ந்து ஒன்றரை ஜிபிக்கு மேல் பாய் விரித்திருந்தார்கள்.

"இது ஒண்ணுமே இல்ல சார்" என்றார் அங்கிள். இந்த இனத்தவர் இதைச் சொன்னால் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு படி அரிசி கூடுதலாகப் போட்டுவிடலாம்.

லாஞ்சரைப் பிடித்து எண்ட் டாஸ்க் கொடுத்தார். மறைந்தது. மூன்று எண்ணுவதற்குள் பட்டியலின் கீழே புது எண்ணோடு முளைத்தது. மறுபடி வெட்டினார். மறுபடி முளைத்தது. வாழையை வெட்டினால் பக்கக் கன்று வருமே, அப்படி. ஒருவர் போனால் மற்றவர் கூப்பிட்டுக்கொள்ளும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். "அப்ப வேரோட எடுக்கணும்" என்று டீட்டெய்ல்ஸ் பக்கம் போய் எண்ட் பிராசஸ் ட்ரீ என்பதைத் தேர்ந்தெடுத்தார். ஆறு பேர் போனார்கள். வெற்றிச் சிரிப்போடு காபியை எடுத்தார்.

ஏழாவது ஆள் போகவில்லை. 'ஆக்ஸஸ் ஈஸ் டினைட்' என்று பலகை வந்தது.

அங்கிள் கறுப்புத் திரையைத் திறந்தார். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தார். டாஸ்க்-கில் என்று தொடங்கி, வலுக்கட்டாயமாக என்பதற்கான குறியும் போட்டு, அந்த ஆளின் பேரை எழுதி எண்டரைத் தட்டினார். அனுமதி இல்லை. சர்வீஸஸ் பக்கம் போனார். அங்கே ஸ்டாப் பொத்தான் இருந்தது, சாம்பல் பூத்து.

"நம்ம லேப்டாப், நம்ம காசு, நாம அட்மினு. நமக்கே அனுமதி இல்லையா?" என்றேன்.

"இவன் கெர்னல்ல டிரைவர் போட்டு உக்காந்திருக்கான் சார். வீட்டுக்காரனையே உள்ள விடாத வாடகைக்காரன்." தன்னை நிறுத்த வருகிறவன் திருட்டாட்டக்காரனாக இருப்பானோ என்று அது எல்லாரையும் சந்தேகப்படுமாம். அதைச் சொல்லும்போது அங்கிள் முகம் வாடியது. "இத்தனை வருஷ சர்வீஸ். என்னையே திருடன்னு நெனைக்குது பாருங்க."

மனம் நொந்தால் அவர் யூனிக்ஸுக்குப் போய்விடுவார். போனார். அங்கே ஜாம்பி என்று ஒரு வகை உண்டாம். ஏற்கெனவே செத்துப்போன பிராசஸ், ஆனால் பட்டியலில் பேர் இருக்கும். கொல்வதற்கான கட்டளையை எத்தனை முறை கொடுத்தாலும் பயனில்லை, செத்தவனை எப்படிக் கொல்வது? பெற்றெடுத்த பிராசஸ் வந்து 'ஆமாம், முடிந்துவிட்டது' என்று கணக்கை வாங்கிக்கொண்டால்தான் பேர் நீங்கும். எனக்கு இது உடனே விளங்கிவிட்டது. என் பெரியப்பா காலமாகி இரண்டு வருஷம் வரை ரேஷன் கார்டில் இருந்தார். பெரியவன் போய்ச் சான்றிதழ் கொடுத்துப் பேரை எடுக்க நேரம் ஒழியவில்லை. அதுவரை கணக்குப்படி அவர் எங்களோடுதான் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தார். பெற்றவர் முதலில் போய்விட்டால்? "அனாதைன்னு சொல்வாங்க சார். ஒண்ணாம் நம்பர் பிராசஸ் தத்து எடுத்துக்கும்" என்றார் அங்கிள், குரல் கொஞ்சம் தழுதழுக்க. யூனிக்ஸில் தர்மம் இருந்த காலம் அது என்பது போல.

"பின்னாடி ஓடுற பிராசஸுக்கு டீமன்னு பேரு" என்று அவர் சொன்ன நேரம் பார்த்து என் மனைவி இரண்டாவது காபியோடு வந்தாள்.

"டீமன்னா பேய்தானே அண்ணா?"

"பேய்தாம்மா. ஆனா நல்ல பேய்." 1963 வாக்கில் எம்ஐடியில் வைத்த பெயர் அது. மாக்ஸ்வெல் என்ற பௌதிக அறிஞர், சலிக்காமல் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டே இருக்கும் ஒரு பூதத்தைக் கற்பனை செய்தார். அதை நினைத்து வைத்தார்கள். நல்ல பேய் என்ற சமாதானம் எங்கள் வீட்டில் எடுபடவில்லை. சாயங்காலம் பார்த்தபோது லேப்டாப் மூடியின் மேல் விபூதிக் கீற்று இருந்தது.

மணி 12. அங்கிள் டெம்ப் ஃபைல்களை அழித்தார். ரெஜிஸ்ட்ரியைத் திறந்து பார்த்து மூடினார். பேட்டரிப் பக்கம் டெஸ்டரைக் கொண்டுபோனார், ஏதோ நினைத்து எடுத்துக்கொண்டார். கடைசியில் நாற்காலியில் சாய்ந்து, டாக்டர்கள் ஆபரேஷன் என்று சொல்லும் குரலில், "ஃபார்மட் பண்ணிடலாமா?" என்றார். என் மகன் முகத்தில் ரத்தம் வற்றியது. இந்த இனத்தின் கடைசி அஸ்திரம் இது. வீட்டில் கொசு வந்தால் வீட்டை இடித்துக் கட்டலாம் என்பார்கள். இடிக்கவும் தெரியும். கட்டும்போதுதான், பழைய ஃபோட்டோக்கள் எந்த ஃபோல்டரில் இருந்தன என்ற விசாரணை வரும்.

சாப்பாடு போட்டோம். மோர்க்குழம்பு நன்றாக இருப்பதாகச் சொல்லி இரண்டு முறை வாங்கிக்கொண்டார். சமையலறையில் என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"மூட முடியாம எத்தனை இருக்குன்னீங்க?"

"ஏழு இருந்தது. இப்ப ஒண்ணு."

"ரெண்டு" என்றாள்.

1:45க்கு அங்கிள் எழுந்து "அப்ப வரேன்" என்றார். நம் ஊரில் போகிறவர் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை, வரேன் என்றுதான் சொல்வார். சொன்னபடி வந்தும்விடுவார். அந்த லாஞ்சரை எழுதிய வெளிநாட்டுக்காரன் எந்தத் தமிழ் வீட்டுத் திண்ணையில் இதைக் கற்றுக்கொண்டானோ தெரியவில்லை. வாசலில் ஒரு காலுக்குச் செருப்பை மாட்டினார். இன்னொரு கால் வெறுங்காலாக நின்றது. வீட்டுக்குள் மூன்று மணி நேரம் பேசாத விஷயங்கள் இந்த நிலையில்தான் வெளியே வரும். மெயின்டனன்ஸ் பாக்கி, மருமகனின் இடமாற்றம், லிஃப்ட் சத்தம். அந்த வரிசையில் போகிற போக்கில் கேட்டார்.

"ராத்திரி எப்படிம்மா மூடுறீங்க?"

"தினமும் ஒழுங்கா ஷட் டவுன் பண்ணிட்டுத்தாண்ணா படுக்கிறேன்."

அங்கிள் நின்றார். ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்துவிட்டார். என் மனைவி தரையைப் பார்த்த பார்வையில் மறுபடி ஓடிப்போய்க் கழற்றிவிட்டு வந்தார். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பக்கம். அதில் அப் டைம் என்ற வரி. மெஷின் எத்தனை நேரமாக விழித்திருக்கிறது என்ற கணக்கு. 23 நாள், நாலு மணி நேரம்.

"தினமும் மூடுறேனே!" என்றாள் அவள். கண் கலங்காத குறை.

நீங்களும் ஒருமுறை பாருங்கள். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நம்மை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு, கெர்னலையும் டிரைவர்களையும் அப்படியே மடித்து டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும். காலையில் பிரித்து விரித்துக்கொள்ளும். சீக்கிரம் எழுந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நேற்று அடம் பிடித்து உட்கார்ந்திருந்த காவல்காரரும் மடிப்போடு சேர்ந்து எழுந்துகொள்வார். ரீஸ்டார்ட் அப்படியில்லை. அது எல்லாரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டுப் புதிதாகக் கோலம் போடும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுனைக் கிளிக் செய்தாலும் அதே பலன்தான்.

ரீஸ்டார்ட் கொடுத்தார். இரண்டு நிமிஷம். விசிறி அடங்கியது. ஏழாவது ஆளைக் காணோம். விளையாட்டு முதல் கிளிக்கில் திறந்தது. மெஷினைப் போட்டவுடன் தானாக வந்து நிற்காதபடி லாஞ்சரை ஸ்டார்ட்டப் பட்டியலில் முடக்கி வைத்தார். மூடினாலும் மணி காட்டும் மூலையில் ஒளிந்துகொள்ளும் பழக்கத்தை லாஞ்சரின் செட்டிங்கிலேயே நிறுத்தினார். மொத்தம் ஐந்து நிமிஷ வேலை. அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கும் பேச மனமில்லை. செருப்பை மாட்டினால்தான் மூளை திறக்கும் என்றால், அவர் வேறு எந்த வழியில் வந்து சேர முடியும்?

2:30க்கு இரண்டாவது "வரேன்" சொல்லிப் போனார். ராத்திரி பார்த்தால் லேப்டாப் ஓரத்தில் அவருடைய பென் டிரைவ் மினுக்மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. எஜெக்ட் கொடுத்தேன். 'இந்தச் சாதனம் தற்போது பயன்பாட்டில் இருக்கிறது' என்று பலகை வந்தது. மகனை அனுப்பிச் சொல்லச் சொன்னேன். பிடுங்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வரேன் என்றாராம்.