ஒரே தட்டில் மூன்று படம்

'கலை அரசி' டிவிடி வாங்கிப் போட்டுப் பார்த்தேன். வேற்றுக்கிரகத்துக்காரர் வந்ததே தெரியவில்லை. திரை முழுக்க மழை. எம்.ஜி.ஆர். குடை எடுத்து வரவில்லையா?
- வாசகர் ஒருவர், தொட்டியம்

உறையைத் திருப்பிப் பாருங்கள், 'மூன்று படங்கள்' என்று போட்டிருக்கும்! வாழைக்குப் பேர்போன ஊர்க்காரர் நீங்கள். ஒரே இலையில் மூன்று பேரை உட்கார வைத்தால் யாருக்கு வயிறு நிறையும்? சாதாரண டிவிடி கொள்வது 4.7 ஜி.பி.தான். நெருக்கித் திணித்தால் இருட்டுக் காட்சிகள்தான் முதலில் கட்டம் கட்டமாக உடையும். விண்வெளியில் இருட்டைத் தவிர வேறென்ன இருக்கிறது? (விசிடி வாங்காமல் பிழைத்தீர்கள், அதில் மொத்தமே 352க்கு 288 புள்ளி.)

மழைக்குத் தட்டு பொறுப்பல்ல. அது ஓடி ஓடித் தேய்ந்த பிரிண்டின் கீறல். 1968-இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' ஐம்பது வருஷம் கழித்து 4கே தட்டில் பளபளத்ததற்குக் காரணம், அதன் 65 எம்.எம். நெகட்டிவ் பத்திரமாக இருந்ததுதான். நம்முடையது அதற்கும் ஐந்து வருஷம் மூத்தது, 1963.

பாட்டுச் சொல்லிக்கொடுக்க பானுமதியைத் தூக்கிப் போனானே அந்தக் கிரகத்துக்காரன், அவனிடம் நல்ல பிரிண்ட் ஒன்று இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.