மூழ்குவதும் ஒட்டுக்கேட்பதும் இட்லி அவிப்பதும்

எங்கள் வீட்டில் வீடியோ கேம் என்றால் அது ப்ளஸ் ஒன் படிக்கும் பையனின் சொத்து. அவன் விளையாடுவதில் நிமிஷத்துக்குப் பத்துப் பேர் சுடப்படுவார்கள். நான் சேர்ந்துகொண்டால் முதல் பிணம் நான்தான். அதனால் எனக்கென்று ஒரு துறையைப் பிடித்தேன்: சுடத் தெரியாதவர்களுக்கான சாகச விளையாட்டுகள். அதிலும் விலைபோகாதவை, நம் பக்கம் யாரும் பெயர்கூடக் கேட்டிராதவை. விலைபோகாதவற்றின் மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு. என் மனைவிக்கும் அது இருந்திருக்கிறது என்பதற்குக் கல்யாண ஆல்பம் சாட்சி.

புதுச்சேரிக்காரன் என்ற முறையில் பிரெஞ்சுச் சரக்கில் பிள்ளையார் சுழி போட்டேன். 'அனதர் வேர்ல்ட்', 1991. இசையைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் எரிக் சாயி என்ற ஒரே ஆள் உட்கார்ந்து செய்தது. திரையில் மதிப்பெண் கிடையாது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒரு வரி கிடையாது. சோதனைச்சாலையில் இடி விழ, ஒரு விஞ்ஞானி வேற்றுலகக் குளம் ஒன்றின் அடியில் போய் விழுவான். உடனே மேலே நீந்தியாக வேண்டும். நானோ, "தண்ணீரை எப்படி வரைஞ்சிருக்கான் பாரு" என்று வியந்துகொண்டிருந்தேன். மூழ்கினேன். மறுபடி வியந்தேன், மறுபடி மூழ்கினேன். "கடலோரத்துல பொறந்து வளர்ந்தவரு" என்றார் என் மாமியார், சுவரைப் பார்த்து.

அடுத்தது 'த லாஸ்ட் எக்ஸ்பிரஸ்', 1997. 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வை எடுத்த ஜோர்டன் மெக்னர், பல வருஷ உழைப்பையும் பல லட்சம் டாலரையும் இதில் கொட்டினார். வெளியாகும் நேரம் பார்த்து, வெளியிட்ட ப்ரோடர்பண்ட் நிறுவனத்தின் விளம்பரக் குழுவே வேலையை விட்டுப் போய்விட்டது. அறிவிப்பே இல்லாமல் கிளம்பிய ரயிலில் யார் ஏறுவார்கள்?

நஷ்டம் நமக்குத்தான். 1914 ஜூலை 24. பாரிஸிலிருந்து ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் புறப்படுகிறது. உலகப் போர் வெடிக்கச் சில நாட்களே பாக்கி. இந்த ரயிலில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நமக்காக ஒருவரும் காத்திருக்க மாட்டார்கள். நாம் நடைவழியில் நிற்கையில், சாப்பாட்டுப் பெட்டியில் யாரோ ரகசியம் பேசி முடித்துவிடுவார்கள். கடிகாரத்தைப் பின்னால் திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம் என்பது ஒன்றே ஆறுதல். பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் என்று அவரவர் பாஷையில் பேச்சு ஓடும். ஒட்டுக்கேட்பதுதான் ஆட்டமே. எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகள் உண்டு. புரியாத பாஷைக்குத் தலையாட்டுவதில் எனக்கு நல்ல பயிற்சி. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு ஒரு 'போன்ழூர்'. அதையும் ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லிவிடுவேன்.

நடுவில் ஒரு கச்சேரி வரும். பியானோவும் வயலினும். பயணிகள் அதில் மெய்மறந்திருக்கும்போது நாம் நைசாக நழுவி அவர்கள் அறைகளைத் துழாவ வேண்டும். கச்சேரி நடுவே எழுந்து போகக் கூடாது என்று என்னை வளர்த்துவிட்டார்கள். முழுக்க உட்கார்ந்து கேட்டேன், கையும் தட்டினேன். அறைக்குச் சொந்தக்காரர்கள் திரும்பிவிட்டார்கள். கதை கெட்டது. ஆனாலும் சொல்கிறேன், இப்படிச் சும்மா உட்கார ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்த விளையாட்டை நான் வேறு பார்க்கவில்லை.

அதற்கப்புறம் கடற்கரைச் சாலையில் வாக்கிங் போகும்போது, அந்தப் போரில் பிரெஞ்சுப் படையோடு போய் மாண்ட நம் ஊர்க்காரர்களுக்கான நினைவுச் சின்னத்தின் முன் கொஞ்சம் நிற்கிறேன். அந்த ரயில் கிளம்பிய இடம் பாரிஸ். துக்கம் வந்து சேர்ந்தது நம் தெரு வரைக்கும். எனக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்து மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டுவாள்.

கடைசியாக 'வெண்பா'. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் கொண்டுவந்தது. மறு வருஷம் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் வாங்கியது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம்: வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போனதை ஊகித்துச் சமைக்க வேண்டும். சாகசமா என்று கேட்பவர்கள் பிள்ளைக்குப் பிடித்த மாதிரி ஒரு நாள் டிபன் கட்டிப் பார்க்கட்டும்.

முதல் கட்டமே இட்லி. நாள்தோறும் எட்டு சாப்பிடுகிறவனுக்கு இது என்ன பிரமாதம் என்று தட்டுகளை அடுக்கினேன். வேகவில்லை. தேங்காய் மூடியும் கையுமாக வந்த மனைவி, "ஏங்க, குழி மேல குழியா வெச்சா ஆவி எப்படி மேல வரும்? மாத்தி வைங்க" என்றாள். மாற்றி வைத்தேன், வெந்தது. அடுத்து புட்டு. கண்ட்ரோலர் என் கையில் இல்லை. எப்போது கை மாறியது என்றும் தெரியவில்லை. தன் துப்பாக்கிகளைக் கீழே வைத்துவிட்டுப் பையனும் வந்து உட்கார்ந்தான். கவின் அம்மாவிடம் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் இடங்களில் மட்டும் அவன் ஏனோ செல்போனைப் பார்த்தான்.

ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மாமியாருக்குத் திருப்தியில்லை.

"எல்லாம் சரி மாப்பிள்ள, வடகம் எங்க? வெங்காய வடகம் தாளிக்காம ஒரு குழம்பா? பாவம், குளிர் தேசத்துல அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? அட்ரஸ் வாங்குங்க, நான் உருட்டித் தரேன்."

அந்தப் பெண் பொம்மை என்று எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. கூரியர் விசாரித்தேன். அரைக் கிலோ வடகத்துக்கு அவர்கள் கேட்கும் காசில் தெருவில் வீட்டுக்கு ஒரு 'வெண்பா' வாங்கிக் கொடுத்துவிடலாம்.