அருவாளுக்கு ஏதுலே மூக்கு?

வாலே பேராண்டி. எஸ்.ஐ. ஆனதும் மீசை ஒரு விரக்கடை கூடிப்போச்சே! ராஜபாளையத்துலயே போஸ்டிங்காமே. இனி கொலைக் கேஸுன்னா ஸ்ரீவில்லிபுத்தூர் செஷன்ஸ் கோர்ட்ல கூண்டேறணும். தலையாரியா இருந்து அந்தக் கூண்டைத் தேய்ச்சவன் நான். கேஸு தோக்குற வழியெல்லாம் சொல்லித் தாரேன், கேட்டுக்கோ.

அருவாளை எடுத்த இடத்துல மகஜர் எழுதாதே, வெயில் மண்டையைப் பொளக்கும். ஸ்டேஷன்ல ஃபேனுக்கடியில உக்காந்து எழுது. வி.ஏ.ஓ.வும் தலையாரியும் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போவாங்க. எந்த மரத்தடியில எடுத்ததுன்னு வக்கீல் கேட்டா ஒருத்தர் வேம்பும்பாரு, இன்னொருத்தர் புளிம்பாரு. நம்மூர்ல ரெண்டு மரமும் உண்டு, பொய்யில்லையே?

அடையாளச் சீட்டு, அரக்கு முத்திரையெல்லாம் வீண் செலவு. வெள்ளைத் தோலையும் ரோஸ் மூக்கையும் பார்த்து இது ராஜபாளையத்து நாய்னு ரோட்டுல போறவன்கூடச் சொல்லிருவான். அருவாளுக்கு ஏதுலே மூக்கு? ஒரு பட்டறையில அடிச்சது அத்தனையும் ஒரே சாடை. சான்றுப் பொருள் ஒண்ணுன்னு தூக்கிக் காட்டி, இதுதானான்னு கேக்கும்போது சாட்சி தலையைச் சொறிவான். எதிர்த்தரப்பு வக்கீல் அன்னைக்குச் சாப்பாட்டுக்கு முந்தியே வீட்டுக்குப் போயிருவாரு.

மாஜிஸ்திரேட் கோர்ட் இங்கனக்குள்ளதான் இருக்கு. இருந்தாலும் அருவாள் ஒரு மாசம் மெதுவா நடந்து போகட்டும். அங்கேயிருந்து தடய அறிவியல் லேபுக்கு எப்பப் போச்சு, அதுவரைக்கும் யாரு பீரோவுல தூங்குச்சுன்னு ஒரு வரி எழுதிராதே. ரத்தம் மனுச ரத்தம்தான்னு லேப் சொன்னாலும், எந்த அருவாள்ல இருந்த ரத்தம்னு கேள்வி வரும்ல, அதுதான் ருசி.

இதுல சென்னைப் போலீஸ்காரங்க நமக்கு அண்ணன். பிடிச்ச 22 கிலோ கஞ்சாவுல மிச்சம் எங்கேன்னு கேட்டதுக்கு எலி தின்னுருச்சுன்னாங்க. 2023-ல அந்தக் கேஸுல மாட்டின ரெண்டு பேருக்கும் விடுதலை. எலிக்குச் சம்மன் போனதாத் தெரியலை.

வாக்குமூலம் மறந்துராதே. எல்லாப் பயலும் ஒரே வசனம் பேசி, ஒரே கருவேலம்புதர்ல ஒளிச்சு வச்சதா எழுது. நம்ம மதராஸ் மாகாணத்துலருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போன புலுக்கூரி கோட்டையா கேஸு கெடக்கட்டும். கூரையில கத்தி இருக்குன்னு ஒருத்தன் காட்டிக் கொடுத்தா, அது அங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியும்ங்கிறதுதான் கணக்குல வரும்; அதாலதான் குத்தினேன்னு போலீஸ்கிட்டச் சொன்னது ஏறாதுன்னு 1946-லயே சொல்லிட்டாங்க. இதைச் சொல்ற பழைய சாட்சியச் சட்டத்து 27-ம் பிரிவு இப்ப பாரதிய சாட்சிய அதிநியமத்துல 23. நம்பர்தான் மாறுச்சு, கருவேலம்புதர் மாறலை.

2024 ஜூலை 1-லேர்ந்து சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கணுமாம். எடு, எடு. செல்போனைக் கொஞ்சம் வானத்தைப் பார்த்துப் பிடி. அதே அதிநியமத்து 63-ம் பிரிவு சர்டிபிகேட்டை மட்டும் சேர்த்துறாதே, வீடியோ மேசையிலயே படுத்துக்கும்.

இத்தனையும் ஒழுங்காச் செஞ்சா, விடுதலையானவன் வீட்டுலருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு டப்பா வரும். நீ தொடாதே, லஞ்சமாயிரும். அதுக்கு மட்டும் மகஜர் எழுதி, ரெண்டு சாட்சி வச்சு, அரக்கு ஒட்டி, நேரா எங்கிட்ட அனுப்பு. ஸ்டேஷன்ல எலி இருக்குல்ல.