நேற்றைய வான்கோழிக்கு ஒரு வக்காலத்து

லஃபாயெட், லூசியானா

அன்புள்ள அத்தைக்கு,

"அமெரிக்காவில் நேற்று வெந்த கறியை இன்று அரிசியோடு போட்டு, மிளகாய்த்தூள் வாசனையே இல்லாமல், பிரியாணியாகவும் ஆக்காமல் பொங்கித் தின்கிறார்களாமே, இதற்கா அத்தனை தூரம் போனாய்?" என்று கேட்டிருந்தீர்கள். கறி பழசு, காரம் இல்லை, பிரியாணியும் இல்லை என்று ஒரே வாக்கியத்தில் மூன்று குற்றச்சாட்டு. மூன்றும் உண்மைதான். ஆனாலும் வக்காலத்து வாங்குகிறேன். ஜம்பாலயா என்கிற, இந்த ஊர்க் கேஜன் மக்களின் சோறு உங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டை அடுப்பில் ஏறத் தகுதியானது. அதிலும் நீங்கள் பெரிய குறையாகச் சொல்லும் அந்தக் காரமின்மைதான் அதன் கெட்டிக்காரத்தனம். கடிதத்தை மாமா உரக்கப் படிக்க, நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டே மறுத்துப் பேசலாம்.

முதலில் பழசு என்ற குற்றச்சாட்டு. இங்கே நவம்பர் மாதத்து நாலாவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. நாலு பேர் இருக்கும் வீட்டிலும் ஆறேழு கிலோ வான்கோழியை முழுசாகச் சுட்டு மேசையில் வைப்பார்கள். எலும்பைக் கழித்துப் பார்த்தாலும், நம் கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை கறி கேட்கும் பெரியவர்களே கையெடுத்துக் கும்பிட்டு எழுந்துவிடும் அளவு. ஆகவே வெள்ளிக்கிழமை விடியும்போது நாட்டில் பாதிக் குளிர்பெட்டிகளில் வான்கோழி படுத்திருக்கும். அதை ரொட்டிக்கு நடுவே வைத்து, கடமைக்குத் தின்று தீர்ப்பவர்கள் பலர். லூசியானாக்காரர்கள் எலும்பைக் கொதிக்கவைத்துச் சாறு எடுத்து, கம்போ என்ற குழம்போ ஜம்பாலயாவோ செய்து, பண்டிகையை இன்னொரு நாள் நீட்டிக்கொள்வார்கள். இது குளிர்பெட்டி வந்த பிறகு கற்ற வித்தையும் இல்லை. அந்தக் காலத்தில் பன்றி அறுப்பது கேஜன் கிராமத்தில் ஊரே கூடிச் செய்யும் காரியம்; பூஷரி என்பார்கள். கெடுவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் ஏதாவது ஒன்றாக மாற்றிவிட வேண்டும். ஈரலையும் கறியையும் சோற்றோடு கலந்து குடலில் அடைத்தால் பூடான். கோழி ஈரலையும் இரைப்பையையும் பொடியாகக் கொத்தி வதக்கிச் சோற்றில் பிரட்டினால் இன்னொரு பதார்த்தம். அதன் பெயரை எழுதினால் நீங்கள் தொடமாட்டீர்கள் என்பதால் எழுதவில்லை.

இதைக் கேட்டு முகம் சுளிப்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறதா என்று யோசியுங்கள். புதுச்சேரியில் மீன்குழம்பை வைத்த அன்றே புகழ்கிறவர் யார்? மறுநாள் காலை, புளி மீனில் ஏறிய பிறகு, பழைய சோற்றுக்கு ஊற்றும்போதுதானே புகழாரம் தொடங்குகிறது? விருந்துக்கு மறுநாள் மிஞ்சிய குழம்பையெல்லாம் ஒரே சட்டியில் ஊற்றிச் சுண்ட வைப்பதும், அந்தச் சட்டிக்கு வீட்டில் சண்டை வருவதும் நம் வழக்கம்தான். இலையில் ஒதுக்கியது வேறு, சட்டியில் தங்கியது வேறு என்பது இரண்டு ஊரிலும் ஒரே சட்டம். நாம் மிஞ்சிய குழம்புக்குத் தரும் மரியாதையை மிஞ்சிய கறித்துண்டுக்குத் தருவதில்லை, அவ்வளவே. காரணமும் இருக்கிறது: குழம்பு ஊறினால் ருசி கூடும், வறண்ட கறியைத் திரும்பச் சூடாக்கினால் ரப்பர். ரப்பர் ஆகாமல் காப்பாற்றும் வழி தெரிந்துவிட்டால் உங்கள் ஆட்சேபத்துக்குப் பாதி பலம் போய்விடும். வழியைப் பிறகு சொல்கிறேன்.

காரத்துக்கு வருவோம். கேஜன் என்றாலே நாக்கைச் சுடும் சாப்பாடு என்று இங்கேயே பலர் நம்புகிறார்கள். அந்தப் புகழ் பெரும்பாலும் 1980களில் வந்தது. ஒப்பலூசாஸ் பக்கத்தில் பதின்மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் பிறந்த பால் ப்ருதோம் 1979-இல் நியூ ஆர்லியன்ஸில் ஓட்டல் திறந்து, மசாலா தடவிய மீனை இரும்புச் சட்டியில் கருகக் கருகச் சுட்டு அமெரிக்கா முழுவதையும் மயக்கினார். அதன்பின் சிவப்புத் தூள் எதைத் தூவினாலும் கேஜன் ஆகிவிட்டது. வீட்டுச் சட்டி வேறு. அதில் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றும் நிதானமாக வதங்கும். பிரிஞ்சி இலை, தைம், பூண்டு, கொஞ்சம் மிளகு சேரும். மிளகாய் வற்றல் தூள் போட்டாலும் சாஸ்திரத்துக்கு ஒரு சிட்டிகை. கைக்குழந்தையிலிருந்து பல் கட்டிய தாத்தா வரை ஒரே சட்டியில் சாப்பிட வேண்டும் என்பதுதான் அங்கே கணக்கு. காரம் வேண்டியவருக்கு மேசையில் பாட்டில் இருக்கிறது. இங்கிருந்து கொஞ்ச தூரத்திலுள்ள ஏவரி தீவில் எட்மண்ட் மெக்கில்ஹென்னி 1868-இல் வியாபாரமாகத் தொடங்கிய டபாஸ்கோதான் அது. மிளகாயை அரைத்து உப்பிட்டு ஓக் மரப் பீப்பாயில் வருஷக் கணக்கில் ஊறவைத்துக் காடி சேர்த்து வடிப்பது. அவரவர் தட்டில் அவரவர் கை.

நம் வீட்டில் எப்படி? காரம் என்பது கூடத்து மின்விசிறி மாதிரி: எல்லோருக்கும் ஒரே வேகம், அந்த வேகத்தைத் தீர்மானிப்பவர் மாமா. அவருக்கு உறைக்க வேண்டும் என்பதற்காகக் குழந்தைக்குத் தனியாகப் பருப்புச்சோறு, பாட்டிக்குத் தனியாக ரசம், வயிறு சரியில்லாதவருக்கு மோர்சாதம். ஒரு வேளைக்கு நாலு சமையல். அந்த நாலையும் செய்கிறவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காரத்தைச் சட்டியிலிருந்து எடுத்து இலைக்கு மாற்றினால் மிச்சமாவது உங்கள் நேரம். காரமில்லாத சாப்பாடு காய்ச்சல்காரருக்குத்தான் என்று மாமா சொல்வார். அவரிடம் இதைக் கேளுங்கள்: மிளகாயே இந்தக் கண்டத்துப் பயிர்தானே, போர்த்துக்கீசியர் கொண்டுவந்து இறக்கும் வரை நம் முன்னோர் மிளகையும் இஞ்சியையும் வைத்துத்தானே சமைத்தார்கள், அத்தனை தலைமுறையும் காய்ச்சலில் படுத்தா கிடந்தது? அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மிளகாயை வைத்துக்கொண்டு, அமெரிக்கர் சோற்றில் அது போதவில்லை என்று குறை சொல்ல நமக்குத்தான் துணிச்சல் வரும்.

மூன்றாவது, பிரியாணி இல்லை என்ற குற்றச்சாட்டு. உண்மையில் மிச்சக்கறியைப் பிரியாணியாக்க முயன்றால்தான் ஆபத்து. பிரியாணியின் ரகசியம் பச்சைக் கறி தயிரிலும் மசாலாவிலும் ஊறுவது. வெந்த கறி ஊறாது. அதன் நார் முன்பே இறுகித் தண்ணீரை விட்டுவிட்டது. மேலும் அதற்குச் சொந்தமாக உப்பும் புகையும் வாசனையும் இருக்கிறது. அதன்மேல் இன்னொரு மசாலாவைக் கொட்டினால் இரண்டும் அடித்துக்கொள்ளும். சட்டியில் காரம் அடங்கியிருக்க வேண்டியதற்கு இதுவும் காரணம்: மிஞ்சியது வான்கோழியோ, ஞாயிற்றுக்கிழமைக் கோழி வறுவலோ, கிறிஸ்துமஸ் ஹாமோ, அது தன் குரலில் பேச இடம் வேண்டும். முறையான ஜம்பாலயாவில் பச்சைக் கறியைத்தான் முதலில் வறுப்பார்கள். மிச்சக்கறி வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்ட சலுகை. அப்போது வேலை வரிசை மாறும். எலும்பை வேகவைத்துச் சாறு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடி கனமான சட்டியில் சாசேஜ் துண்டுகளைச் சிவக்க வறுத்து, அந்தக் கொழுப்பிலேயே வெங்காயம் முதலியவற்றை வதக்குங்கள். அடியில் பழுப்பாக ஒட்டிக்கொள்ளும், பதறாதீர்கள். சாற்றை ஊற்றிச் சுரண்டிவிடுங்கள்; கேஜன் ஜம்பாலயாவின் பழுப்பு நிறம் அதிலிருந்துதான் வருகிறது. தக்காளி போட்டுச் சிவப்பாக்குவது நியூ ஆர்லியன்ஸ் கிரியோல் வழக்கம். இந்த விஷயத்தில் இரு தரப்பும் பேச்சுவார்த்தைக்கு வருவதில்லை. பிறகு அரிசி, மூடி, சிறுதீ, ஏறக்குறைய இருபது நிமிஷம். நடுவில் கிளறக் கூடாது. பிய்த்து வைத்த கறியைக் கடைசி ஏழெட்டு நிமிஷத்தில்தான் மேலே பரப்ப வேண்டும். சோற்றின் ஆவியில் சூடேறி, சாற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், திரும்ப வேகாது. ரப்பருக்கு மருந்து இவ்வளவுதான்.

"என்ன இருந்தாலும் அது யாரோ ஊரார் சாப்பாடு" என்று மாமா கடைசி ஆயுதத்தை எடுப்பார். யாரோ இல்லை. 1719-இல் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வியாபாரக் கம்பெனிகளை ஒன்றாக்கியதில் புதுச்சேரியும் லூசியானாவும் ஒரே இந்தியக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஏறின. 1731-இல் லூசியானா கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனி அதை அரசரிடம் திருப்பிக் கொடுக்கும் வரை, லோரியான் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் நம் பக்கமும் ஒரு கப்பல் இந்தப் பக்கமும் புறப்பட்டன. இங்கே நெல் வந்த கதை சிரிக்கக்கூடியது அல்ல. 1719-இல் லூசியானாவுக்கு வந்த முதல் இரண்டு அடிமைக் கப்பல்களின் தலைவர்களுக்கு, விதைநெல்லும் நெல் பயிரிடத் தெரிந்த ஆப்பிரிக்கர்களும் வாங்கி வரும்படி கம்பெனி உத்தரவிட்டிருந்தது. கோதுமை விளையாத சதுப்பு நிலத்தில் எசமானர்களின் பசி தீர்ந்தது அந்த மனிதர்களின் அறிவால். மேற்கு ஆப்பிரிக்கர்களின் ஜோலோஃப் சோற்றைப் பார்த்தால் ஜம்பாலயா எந்த வீட்டுப் பிள்ளை என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள், ஸ்பானியர்கள் தங்கள் பயேயாவை முன்னிறுத்தி வழக்காடினாலும். கேஜன்களும் துரத்தப்பட்டு வந்தவர்கள்தான்: கனடாவின் அகாடியாவிலிருந்து 1755-இல் தொடங்கி ஆங்கிலேயர் விரட்டிய பிரெஞ்சுக் குடியானவர்கள், 1760களில் இங்கே கரையேறினார்கள். அதே ஆங்கிலேயர் 1761-இல் நம் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கியதை மாமாவுக்கு நினைவூட்டுங்கள். அதற்கப்புறம் கேஜன் சாப்பாட்டின் மேல் அவருக்குத் தானாகப் பாசம் வரும். பின்னர் நெப்போலியன் 1803-இல் லூசியானாவை அமெரிக்காவுக்கு விற்றுக் காசாக்கினார். நம்மை யாரும் விற்கவில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

காரத்தைக் குறைத்துச் சமைப்பதும் புதுச்சேரிக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரர் மேசைக்கும் பிரெஞ்சு வழிக் கிரியோல் வீடுகளுக்கும் தேங்காய்ப்பாலில் சாந்தமான குழம்பு வைத்த கைகள் நம் ஊர்க் கைகள். நீங்கள் வெயிலில் உருட்டிக் காயவைக்கும் வடகத்தைத்தான் பிரான்ஸில் வெங்காயமும் பூண்டும் வாசனையுமாக வதுவான் என்று பெரிய சமையற்காரர்கள் தூவிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே போனதைப் பெருமையாகச் சொல்கிற நாம், இங்கிருந்து ஒன்று வருவதற்கு ஏன் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்?

ஒரு ஆட்சேபத்துக்கு மட்டும் முழுமையாகத் தலை வணங்குகிறேன்: உடம்புக்கு ஆகுமா என்பது. வெந்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நாலு நாளுக்குள் தீர்த்து, திரும்பச் சூடாக்கும்போது உள்ளே 74 டிகிரி வரை ஏற்ற வேண்டும் என்பது இங்குள்ள விதி. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் அந்த இரண்டு மணி ஒரு மணியாகிவிடும். புதுச்சேரியில் வருஷத்தில் பாதி நாள் அந்தக் கணக்குதான். மின்சாரம் போய்ப் போய் வரும் நாளில் ஜம்பாலயா வேண்டாம். அன்றைக்கு மாமா சொல்வதே சரி. சோற்றிலும் கவனம் வேண்டும். வெளியே கிடந்த சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு சூடாக்கினாலும் போகாது. அதனால்தான் இதில் கறி பழசு, அரிசி எப்போதும் புதுசு.

இங்கே நீள அரிசி, க்ரௌலி பக்கத்து வயல்களில் விளைவது. நம் பாகூரைப் போலவே கண்ணுக்கெட்டிய வரை பச்சை. நாற்று நடுவதில்லை, பல வயல்களில் விமானத்திலிருந்து விதை தூவுகிறார்கள். அறுப்பு முடிந்ததும் தண்ணீர் கட்டி அதே வயலில் நண்டின் தம்பி போன்ற கிராஃபிஷ் வளர்க்கிறார்கள். உங்களுக்குப் பொன்னி வேண்டாம், குழைந்துவிடும். பழைய பாஸ்மதி இருந்தால் போதும், சாற்றைக் கொஞ்சம் குறைத்து ஊற்றுங்கள். பெரிய மார்க்கெட்டில் செலரி கிடைக்காத அன்று கொத்தமல்லித் தண்டு போடலாம். கேஜன்களிடம் நான் சொல்லமாட்டேன். இறக்கியதும் வெங்காயத்தாள் தூவுங்கள். மாமா தட்டோரத்தில் எலுமிச்சை ஊறுகாய் வைத்துக்கொண்டால் தடுக்க வேண்டாம், டபாஸ்கோ பாட்டில் செய்யும் வேலைதான் அதுவும். சட்டியின் அடியில் முறுகிப் பிடித்த சோற்றை மட்டும் அவர் கை கழுவப் போகும் வரை மூடியே வைத்திருங்கள்.

இப்படிக்கு,
அன்பு மருமகன்