பூங்காவில் யார் பேச்சு எடுபடும்?

கேள்வி: பூங்காவைச் சீரமைக்க மக்களிடம் கருத்துக் கேட்பதால் பயன் உண்டா?
– வாசகி, தாம்பரம்

பதில்: உண்டு. கேட்காவிட்டால் நீரூற்று வரும். திறப்பு விழாவன்று மட்டும் பீய்ச்சும். கேட்டால் கழிப்பறையும், விளக்கும், தாத்தா உட்கார நிழலில் ஒரு பெஞ்சும் வரும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-லேயே பட்ஜெட்டில் ஒரு பங்கை மக்கள் முடிவுக்கு விட்டது. அவர்கள் சிலை கேட்கவில்லை. குடிநீர், சாக்கடை, சாலை என்று வரிசை போட்டார்கள். நம் நகரங்களிலும் 2022 நவம்பர் 1 முதல் மக்கள் கருத்துச் சொல்லும் பகுதி சபா கூடுகிறது. ஒரே சிக்கல், கூட்டத்துக்கு வருபவர் சொல்வதுதான் நடக்கும். வாக்கிங் பெரியவர்கள் தவறாமல் வருகிறார்கள், கிரிக்கெட் பையன்கள் வருவதில்லை. 'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்ற பலகை பிறகு எப்படி முளைக்காமல் இருக்கும்?