இந்த எஞ்சின் என்ன கோத்திரம்?

பழைய கார் பிரியர்களில் ஒரு சாரார் உண்டு. பானெட்டைத் திறந்ததும் அவர்களின் முதல் கேள்வி, “ஒரிஜினலா?” பிளாக் ஒரு வருஷம், ஹெட் இன்னொரு வருஷம், கார்புரேட்டர் புதுப்பேட்டை என்று உண்மையைச் சொன்னால், காதல் கல்யாணத்துக்கு வந்த பெரியப்பா மாதிரி முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். இவர்களுக்காகவே பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கார் புராணத்தைக் கொஞ்சம் ஓதவேண்டியிருக்கிறது. திருவள்ளூர் தனிக்குடித்தனம் போனது 1997இல்தான். அதற்கு முந்தைய கூத்தெல்லாம் ஒரே மாவட்டத்துக் கணக்கு.

ஆதியில் எண்ணூர். 1940களின் கடைசியில் அசோக் மோட்டார்ஸ் அங்கே ஆஸ்டின் ஏ40 காரைப் பூட்ட ஆரம்பித்தது. 1955இல் லேலண்டைக் கைப்பிடித்து லாரிப் பக்கம் போய்விட்டது. ஆனால் அந்த ஆஸ்டினின் 1200 சிசி எஞ்சினுக்கு இங்கிலாந்தில் வம்சம் தழைத்தது. போரைப் பெருக்கிப் பெருக்கி 1489, 1622, 1798 என்று பிள்ளைகள். ஸ்ட்ரோக் மட்டும் பரம்பரைச் சொத்து: எல்லோருக்கும் 88.9 மில்லிமீட்டர்! அந்த 1489தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசிடருக்கு வாய்த்தது. அதுவும் பிறவியிலேயே அல்ல. 1950களின் கடைசியில் கார் வந்தபோது உள்ளே இருந்தது லேண்ட்மாஸ்டரின் பழைய சைடு வால்வு எஞ்சின். ஆக, ‘ஒரிஜினல்’ அம்பாசிடரே பழைய காரின் எஞ்சினோடுதான் பிறந்தது.

1984இல் கான்டெஸ்ஸா வந்தது. உடம்பு 1970களின் வாக்ஸால், எஞ்சின் அதே 1489. படத்தில் வில்லன் ஏறினால் மிரட்டலாக இருக்கும். மேட்டில் ஏறினால் வில்லனே இறங்கித் தள்ளவேண்டும்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது வண்டலூர்ப் பக்கம் 1985இல் ஸ்டாண்டர்ட் கம்பெனி விட்ட ஸ்டாண்டர்ட் 2000. மேலே ரோவர் எஸ்டி1. 1977க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது வாங்கிய உடம்பு. அங்கே அதற்குள் உறுமியது 3.5 லிட்டர் வி8. இங்கே? 1940களின் ஸ்டாண்டர்ட் வேன்கார்டு வழிவந்த நாலு சிலிண்டர், 1991 சிசி. இதன் பங்காளிகளில் ஒருவர் டிரையம்ப் டிஆர்2வில் பந்தயம் ஓடினார், இன்னொருவர் ஃபெர்குசன் டிராக்டரில் ஏர் உழுதார். நமக்கு வந்தவர் யார் பக்கம் சாய்ந்தார் என்பதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கண்டுகொண்டார்கள். 1988இல் கடையைக் கட்டினார்கள்.

திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998இல் மிட்சுபிஷி லான்சரைப் பூட்டியது. ஜப்பானில் 1995இல் வந்த மாடல். மூன்றே வருஷத் தாமதம்! அந்தக் கம்பெனி நாள்காட்டியில் அது மின்னல் வேகம்.

கம்பெனிகளே செய்த கலப்பை மெக்கானிக் செய்தால் மட்டும் தோஷமா? ஆனால் கலப்பதற்கும் பொருத்தம் பார்க்கவேண்டும். எம்ஜிபி காரின் 1798 எஞ்சினில் முதலில் மூன்று மெயின் பேரிங். 1964இல் ஐந்தாக மாற்றினார்கள். ஸ்ட்ரோக் ஒன்றுதானே என்று ஐந்து பேரிங் கிராங்கை மூன்று பேரிங் பிளாக்குக்குக் கட்டிவைக்க எந்த லேத்காரராலும் முடியாது. வேன்கார்டு வம்சத்தில் வெட் லைனர் என்பதால் பிஸ்டன், லைனர் மாற்றுவது சுலபம். ஆனால் அடியில் வரும் வளையத்தின் தடிமன் தப்பி லைனர் தாழ்ந்து உட்கார்ந்தால், ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் கசியும்.

ஆகையால் அன்பர்களே, வருஷம் ஒத்துவரவில்லை என்று பழைய பிளாக்கை எடைக்குப் போடாதீர்கள். முதலில் பேரிங்கை எண்ணுங்கள், போரை அளந்து பாருங்கள். கோத்திரம் பார்க்காமல் எல்லா இரும்பையும் ஏற்றுக்கொள்ளும் உலைகள் கும்மிடிப்பூண்டியில் இருக்கின்றன. அங்கே போனால் கம்பியாகத்தான் திரும்பி வரும்.